பேபி மரகதம் படித்த பள்ளிக்கூடம்

ஜூன் 3, செவ்வாய்

நான் வாயைத் திறக்காமல் இருந்த காலம் போதும். ஐம்பத்து நான்கு வயதுக்கு மேலும் பேசாமல் இருந்தால் அதைப் பெருந்தன்மை என்று ஒருவரும் சொல்லப்போவதில்லை. ஏமாளி என்பார்கள். சிலர் இப்போதே சொல்கிறார்கள்.

மாலையில் என் மனைவி தேன்மொழி அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"உங்க தங்கச்சி பேட்டி. எங்க ஆபீஸ்ல பியூன் வரைக்கும் பாத்தாச்சு. நீங்கதான் பாக்கி."

ஏதோ ஒரு யூடியூப் சேனல். நான்கு வயதில் பேபி மரகதம் என்ற பெயரில் சினிமாவுக்கு வந்து, இன்று 'தோரணவாசல்' தொடரில் மாமியார் ராஜேஸ்வரியாக வீடுதோறும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் என் தங்கை மரகதவல்லி, சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து தன் பள்ளி நாட்களைப் பற்றிப் பேசுகிறாள். மாநகராட்சிப் பள்ளி. ஐந்தாம் வகுப்புக்குக் குழந்தைவேலு வாத்தியார். பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைப்பார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே மனசு கேட்காது, ஒரு சாக்பீஸ் துண்டைக் கையில் கொடுத்து இறக்கிவிடுவார். மழை பெய்தால் ஓடு ஒழுகும், வகுப்பு மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலைக்கு நகரும். பேச்சுப் போட்டியில் முதல் பரிசாகப் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்.

எல்லாம் உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அது என் பள்ளிக்கூடம். என் வாத்தியார். என் டம்ளர்.

மரகதம் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாள், கோலம் போடுவதைப் போல. இதை அறிந்த அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டின புருஷன்கூட அறியாமலே விவாகரத்து வாங்கிக்கொண்டு போனான். மீதி நானும் தேன்மொழியும்தான்.

எப்படி அவளுக்கு என் பள்ளிக்கூடம் தெரியும்? நான்தான் சொன்னேன். படப்பிடிப்பு முடிந்து வந்ததும் அம்மா அவளை முக்காலியில் உட்காரவைத்துத் தேங்காயெண்ணெயால் மேக்கப்பைத் துடைத்து எடுப்பாள். எண்ணெய் உள்ளே போய்விடாமல் மரகதம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சுண்ணா?" என்பாள். வேறு வேலை இல்லாததால் சொல்லுவேன். அவளுக்கு ஒருமுறை காதில் விழுந்தால் போதும். அழியாது. அதை வைத்துத்தானே பிழைத்தாள்.

முகநூலில் பழைய சினிமா ரசிகர்கள் குழு ஒன்று இருக்கிறது. அந்தப் பேட்டியை அங்கேயும் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் குறிப்புகளை எழுதி முடித்ததும் அங்கே போடுவேன். என் பெயரோடு, என் பட்டத்தோடு.

ஜூன் 4, புதன்

ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை. பேட்டிக்குக் கீழே ஒருவர், "பள்ளியை மறக்காத பண்பு" என்று எழுதியிருக்கிறார்.

ஜூன் 6, வெள்ளி

தண்ணீர் மோட்டார் மறுபடி பழுது. ஆள் வந்து பார்த்துவிட்டு, போன முறை சரிசெய்தவனைத் திட்டிவிட்டுப் போனான். போன முறை வந்ததும் அவன்தான்.

மரகதம் மாடிக்கு வந்தாள். கீழ்வீட்டில் அவள், மாடியில் நாங்கள். சாலிகிராமத்தில் அப்பா வாங்கிப்போட்ட வீடு. யாருடைய சம்பாத்தியத்தில் வாங்கினார் என்ற பேச்சு இங்கே தேவையில்லை.

முகம் வாடியிருந்தது. தொடருக்குப் புதிதாக இளம்பரிதி என்று ஒரு இயக்குநர் வந்திருக்கிறாராம், முப்பது வயதுகூட இருக்காது. இதுவரை இவர்கள் வேலை செய்த முறை வேறு. நடிகை கேமரா முன் நிற்பாள். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு உதவி இயக்குநர் நின்று வசனத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுப்பார். அவர் சொல்லச் சொல்ல இவள் முகபாவத்தோடு திருப்பிச் சொல்லுவாள். பிறகு டப்பிங்கில் சரிசெய்துகொள்வார்கள். மரகதத்துக்குத் திரையுலகில் நாற்பது ஆண்டுக்கு மேல் ஓடியது இப்படித்தான். பல பேருக்கு இப்படித்தான் ஓடுகிறது என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்போது சேனல்காரர்கள் டப்பிங் வேண்டாம், பேசும்போதே ஒலிப்பதிவு என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் நின்று எவனும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. காலையில் காட்சித்தாள் வாட்ஸ்அப்பில் வரும். படித்து, மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்க வேண்டும்.

கைப்பேசியே படித்துச் சொல்லுமே என்றேன். அவர்கள் எழுத்தாளர் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறவராம். அந்தக் கோழிக்கிறுக்கல் எந்த எந்திரத்துக்கும் பிடிபடவில்லை.

சித்தியாக நடித்தவள் நான்கு நாள் திணறினாள். பிறகு ஒரு நாள் ஒளிபரப்பில், "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி ஓடியது. அவ்வளவுதான், வேறு முகம். குடும்பத்தில் யாரும் திடுக்கிடக்கூட இல்லை, காபி கொடுத்தார்கள்.

"எனக்கும் அந்த ஒரு வரிதாண்ணா பாக்கி," என்றாள். "இந்த வயசுல இத விட்டா வேற யாரு கூப்புடப்போறாங்க? நீ கூட வந்து, ஒரே ஒரு வாட்டி படிச்சுக் காட்டு. எனக்கு ஏறிடும்."

பேட்டியைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஸ்கூலப் பத்திக் கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச ஸ்கூல் அது ஒண்ணுதான்."

 வருகிறேன் என்றேன். நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தேன்மொழி நினைக்கிறாள் என்பதும் ஒரு காரணம்.

ஜூன் 9, திங்கள்

வளசரவாக்கத்தில் ஒரு பெரிய வீடு. மூன்று தொடர்களின் குடும்பங்கள் அந்த ஒரே வீட்டில் வேறு வேறு மாடிகளில் அழுகின்றன. மேக்கப் அறைக்கு வெளியே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். காட்சித்தாள் வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடித்ததும் திருப்பிச் சொன்னாள். நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள்.

வெளியே யாரோ என்னை "மேடமோட மேனேஜர்" என்றார்கள். திருத்தவில்லை. பதினெட்டு வயது வரை "பேபி மரகதத்தின் அண்ணன்". கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதே பெயர்தான். அந்த வேலை என் தகுதிக்குக் கிடைத்தது. நேர்முகத்தேர்வில் தாளாளர் தங்கையைப் பற்றி விசாரித்தது உண்மை. அந்த ஆண்டு விழாவுக்கு அவளை நான் அழைத்துப் போனதும் உண்மை. இரண்டுக்கும் வேலைக்கும் சம்பந்தம் கிடையாது. முனைவர் பட்டம் வாங்கியவன் நான். போன வருடம் தமிழ்த் துறையை இன்னொரு துறையோடு சேர்த்துவிட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

சாப்பாட்டில் உப்பு அதிகம். மரகதம் வசனத்தில் "வாழ்க்கை" என்பதை "வாள்க்கை" என்றாள். ஆறு முறை சொல்லவைத்தேன்.

ஜூன் 14, சனி

இன்று படப்பிடிப்பு இல்லை. மரகதம் பழைய சேலைகளைப் பிரித்து வெயிலில் போட்டாள், நானும் கூட நின்று கொடியில் விரித்தேன். அப்போது நினைத்துக்கொண்டேன், இவளுடைய தொழிலைப் பற்றி ரசிகர்களுக்கு என்னதான் தெரியும் என்று.

அப்பா ஒரு ஸ்டுடியோவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு படத்துக்கு வரவேண்டிய குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுபோன அம்மாவின் இடுப்பில் இருந்த இவளைப் பிடித்து நிறுத்தினார்கள். சொன்னதைச் சொன்னாள். அழு என்றதும் அழுதாள். நிறுத்து என்றதும் நிறுத்தினாள். அதுதான் அவர்களுக்குப் பிடித்தது.

பத்து வயது வரை திரையில் பெரும்பாலும் பையன். கிராப்பு வெட்டித்தான் வைத்திருந்தார்கள். ஒரு பக்திப் படத்தில் பாலமுருகனாக நடித்த பிறகு, வடபழனி கோயிலுக்குப் போனால் பெரியவர்கள் இவள் காலில் விழுந்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், செருப்புகளைப் பார்த்துக்கொண்டு. மைசூரில் படப்பிடிப்பு, ஊட்டியில் படப்பிடிப்பு என்று மூவரும் கிளம்பிவிடுவார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே. சாவியையும் என்னையும் எதிர்வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். எதிர்வீட்டு மாமி ரசம் சாதம் போட்டுவிட்டு, "உன் தங்கச்சி நிஜத்துலயும் அழுவாளாடா?" என்று கேட்பாள்.

பன்னிரண்டு வயதில் முகம் மாறியது. பேபியும் இல்லை, குமரியும் இல்லை. தொலைபேசி அடிப்பது நின்றது. அந்த நான்கைந்து ஆண்டுகள் வீட்டில்தான் இருந்தாள். அம்மா நடனம் கற்றுக்கொடுத்தாள், உயரமாக வளரக் கம்பியில் தொங்கவிட்டாள். பிறகு கதாநாயகியாக இரண்டு படம், இரண்டும் சுருண்டன. நாயகனின் தங்கை, நாயகியின் தோழி, கற்பழிக்கப்பட்டு ரயிலில் விழுகிறவள். பிறகு தொலைக்காட்சி வந்தது. மருமகளாக அழுது, மகளாக அழுது, மெல்ல மெல்லப் பிறரை அழவைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

ஒன்றை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏழு வயதில் ஒரு படத்தில், குடிகார அப்பனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் சிறுமியாக நடித்தாள். சிலேட்டில் 'அ' எழுதும் காட்சிக்கு அரங்கமே கைதட்டியது. அந்தக் குளோசப்பில் எழுதுகிற கை என்னுடையது. இவளுக்கு எழுத வராதென்று தெரிந்ததும் அப்பா வீட்டுக்கு வண்டி அனுப்பி, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என்னைச் சீருடையோடு அள்ளிவரச் செய்தார். என் மணிக்கட்டில் அவளுடைய வளையல்களை ஏற்றினார்கள். சோப்பு போட்டுத்தான் ஏறியது. இவள் பக்கத்தில் நின்று, நான் எழுதுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொஞ்ச நாள் அந்தச் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே சுற்றினாள். எனக்கு அரையாண்டுத் தேர்வு. கதவைச் சாத்திக்கொண்டு படிக்காமல் வேறு என்ன செய்ய முடியும்?

திரை முழுக்க என் கை. பெயர்ப்பட்டியலில் என் பெயர் இல்லை.

ஜூன் 18, புதன்

மருமகளாக நடிக்கும் சைத்ரா பெங்களூருக்காரி. தமிழ் எழுத்து தெரியாது. உதவி இயக்குநர் ஒருவர் காட்சித்தாளை அவளுக்கு வாசிக்க, அவள் கன்னடத்தில் எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறாள். ஒருவரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. "எவ்வளவு உழைப்பு பாருங்க" என்கிறார்கள். மரகதம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் சாப்பிட்டபின் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணா, ஷாட்டுக்கு ஷாட் இவ்வளவு நேரம் சும்மாதானே ஒக்காந்திருக்கோம். எனக்கு எழுத்துச் சொல்லிக் குடேன்."

இந்த வயதில் அது எங்கே ஏறும், இருநூற்று நாற்பத்தேழு எழுத்து, ஒரு வாரத்தில் ஆகிற காரியமா, இப்போதைக்கு ஓடுகிறபடி ஓடட்டும் என்றேன். நியாயமான பதில்தான். சரி என்று தலையாட்டிவிட்டு டப்பாவைக் கழுவப் போனாள்.

வெயில் கொளுத்துகிறது. முதுகெல்லாம் வேர்க்குரு.

ஜூன் 21, சனி

வேலை பழகிவிட்டது. ஏழு மணிக்கு வண்டி வருகிறது. எனக்குத் தனியாகச் சர்க்கரை இல்லாத காபி தருகிறார்கள். காட்சித்தாளில் இலக்கணப் பிழை இருந்தால் திருத்தித்தான் படிக்கிறேன். இரண்டு இடங்களில் வசனத்தையே மேம்படுத்தினேன். எழுத்தாளர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் தனதென்று நினைத்துக்கொண்டார். ராஜேஸ்வரி இப்போது நல்ல தமிழ் பேசுவதாக ஒரு ரசிகை எழுதியிருக்கிறாள்.

இளம்பரிதி மரகதத்திடம் சொன்னார், மொத்த யூனிட்டிலும் தயாராக வருகிறவர் அவர் ஒருவர்தான் என்று. கும்பிட்டாள். அவள் என் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன்.

தேன்மொழி கேட்டாள், இந்த முகநூல் எழுத்து இன்னும் நடக்கிறதா என்று. நடக்கிறது என்றேன். "பகல்ல அவளுக்குப் படிக்கிறது, சாயங்காலம் அவளைப் பத்தி எழுதறது. நல்ல ஷிஃப்டு," என்றாள். இவளுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் எப்படிப் பதவி உயர்வு கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

தொடரின் ஐந்நூறாவது அத்தியாயம் என்று கேக் வெட்டினார்கள். சேனலிலிருந்து வந்திருந்தார்கள். கேமரா ஓடியது. மரகதத்தை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தயாரிப்பாளருக்கு நன்றி, இயக்குநருக்கு நன்றி, மேக்கப் போடும் லில்லிக்கு நன்றி, சமையல்காரருக்கு நன்றி. கடைசியில் சேனல் அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்து, இவர் யார் என்று கேட்டார்.

"எங்க அண்ணன். டேட்ஸ் எல்லாம் இவருதான் பாத்துக்கறாரு," என்றாள்.

வேறு என்ன சொல்ல முடியும் என்று தேன்மொழி கேட்கிறாள். படித்துக் காட்டுகிறார் என்றா சொல்வாள்? எனக்கும் தெரியும். ஆனால் பேராசிரியர் என்று சொல்லியிருக்கலாம். முனைவர் என்று சொல்லியிருக்கலாம். அந்த அதிகாரி எனக்குக் கேக்கை ஊட்டிவிட வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சட்டையில் கிரீம்.

நாளை பெரிய காட்சியாம். ராஜேஸ்வரி ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மருமகளை வீட்டைவிட்டு அனுப்பும் இடம். மூன்று பக்க வசனம், ஒரே ஷாட்டில் எடுக்கப்போகிறார்கள்.

ஜூன் 27, வெள்ளி

தலைவலி. போகவில்லை. வண்டி வந்தபோது தேன்மொழியை விட்டுச் சொல்லச் சொன்னேன். மரகதம் மாடிப்படியில் பாதி வரை ஏறி வந்து நின்றது தெரிந்தது. பிறகு இறங்கிப் போனாள்.

மின்விசிறிகளைத் துடைத்தேன். புத்தக அலமாரியில் கரையான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கைப்பேசியில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது; மின்சாரம் இருந்தது, ஆனால் சார்ஜர் எங்கே என்று தேடவில்லை.

மத்தியானம் தூங்கினேன்.

ஜூன் 28, சனி

காலையில் கீழே குக்கர் விசில். காபிக்குப் பால் வாங்க இறங்கியபோது மரகதம் வாசலில் பார்த்தாள். தலைவலி தேவலையா என்று கேட்டாள். தேவலை என்றேன்.  காட்சி என்ன ஆனதென்று நான் கேட்கவில்லை.

தொடரை மாலையில் போட்டுப் பார்த்தேன். பழைய அத்தியாயம்தான். 'இவருக்குப் பதில் இவர்' எதுவும் ஓடவில்லை. எடுத்தது ஒளிபரப்பாக எப்படியும் பத்து நாள் ஆகும்.

ஜூன் 30, திங்கள்

ஏழு மணிக்கு நானாகவே கீழே போய் நின்றேன். வண்டியில் எனக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.  இறங்கும்போது மட்டும், "நீ இனிமே கஷ்டப்பட்டு அலைய வேணாம்ண்ணா. இன்னிக்கு வந்தது வந்துட்ட, சாப்புட்டுட்டுப் போ," என்றாள்.

நடந்ததைச் சைத்ராதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை காட்சித்தாள் வந்ததும் மரகதம் எனக்கு அழைத்துக்கொண்டே இருந்தாளாம். விளக்கெல்லாம் போட்டாயிற்று. ஊர்ப் பெரியவர்களாக வாடகைக்கு வந்தவர்கள் வேட்டியைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தாயிற்று. இளம்பரிதி வந்து, ஒருமுறை தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், டேக் போகலாம் என்றிருக்கிறார். மரகதம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அப்பறம் சொன்னாங்க அங்கிள்," என்றாள் சைத்ரா. "'எனக்கும் சைத்ரா மாதிரிதான் தம்பி, தமிழ் படிக்க வராது'ன்னு. எல்லாரும் சிரிச்சோம். நான்தான் ஜாஸ்தி சிரிச்சேன். மேடம் சிரிக்கல. 'வேற பாஷையும் வராது'ன்னாங்க."

 ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்றுவிட்டாராம், ஏனென்று அவருக்கே தெரியவில்லை. இளம்பரிதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, மூன்று பக்கத்தையும் படித்துக் காட்டியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாள். ஒரே டேக். தப்பே இல்லை. முடித்ததும் சைத்ரா அழுதது நடிப்பு இல்லையாம்.

இதைச் சொல்லும்போது அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டேன்.

இப்போது காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்கிறார்கள், இயக்குநர் காட்சியை உரக்கப் படிக்கிறார், எல்லோருமே கேட்டு மனப்பாடம் செய்கிறார்கள். சித்தியாகப் புதிதாக வந்தவள், எழுத்தாளரின் கையெழுத்தைவிட இது எவ்வளவோ மேல் என்றாள். மரகதத்தின் வேலை போகவில்லை. அவளைப் பற்றி யாரும் குறைவாகப் பேசவும் இல்லை. நான் மூலையில் நின்று கேட்டேன். அந்த இளைஞனுக்கு ழகரம் வரவில்லை.

என் நாற்காலியில் யாரோ விக் காயவைத்திருந்தார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

பல் வலி. உண்மையாகவே.

ஜூலை 3, வியாழன்

டிபன் கேரியரையும் குடையையும் மேக்கப் அறையில் விட்டுவிட்டேன் என்று எடுத்துவரப் போனேன். அனுப்பிவைக்கிறேன் என்று மரகதம் சொன்னாள்தான். வீட்டில் இருக்க முடியவில்லை.

ஷாட்டுக்கு இடையில் வேப்பமர நிழலில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள், கைப்பேசியில் ஏதோ செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு. குழந்தைகளுக்கானது, ஒரு எழுத்தைத் தொட்டால் ஒரு மிருகம் குதித்துச் சொல்லுகிறது. பட்டுப்புடவையும் அட்டிகையுமாக ராஜேஸ்வரி மண்ணில் குச்சியால் 'ஈ' போட்டுக்கொண்டிருந்தாள். வளைவு தப்பாகத் திரும்பியிருந்தது. சைத்ராவுடையதும் தப்பு. இருவரும் மாறி மாறிக் கேலி செய்துகொண்டார்கள்.

"மேடம், உங்க ஈக்கு றெக்கையே இல்ல."

"ஒன்னுது செத்தே போச்சுடி."

என்னைப் பார்த்ததும் மரகதம் குச்சியைப் புடவைக்குள் மறைத்தாள். எதற்கு என்று தெரியவில்லை. நான் என்ன செய்துவிடப்போகிறேன்?

குடையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது இளம்பரிதி வந்து காபி சாப்பிட்டுப் போகச் சொன்னார். பணிவான பையன். நான் கல்லூரியில் தமிழ் நடத்தினேன் என்று மேடம் சொன்னார்களாம். வெள்ளிக்கிழமையே சொன்னார்களாம், எல்லோர் முன்னாலும்: எங்க அண்ணன் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று. எத்தனை வருடம் சார் என்றார். இருபத்தெட்டு என்றேன். மேடமும் நீங்களும் ஒரே வீடா என்றார். மாடி என்றேன்.

காபியை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நீங்களே சொல்லிக் குடுத்திருக்கலாமே சார்?"

குத்திக் காட்டவில்லை. இந்தப் பக்கம் பேருந்தே இருக்கிறதே, ஏன் ஆட்டோவில் வந்தீர்கள் என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார். அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை என்றேன். அவர் மரத்தடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு ஷாட் ரெடி என்று கூப்பிட்டார்கள்.

காபியில் சர்க்கரை போட்டிருந்தார்கள். அப்படியே குடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழைகள் இல்லை. ஜூன் 14, 18, 27 ஆகிய தேதிகளை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுத்தால் கதை நிற்கவில்லை. விட்டுவிட்டேன்.

இதைப் போடுவதற்கு இப்போது அர்த்தமும் இல்லை. நான் வெளியிட நினைத்த ரகசியத்தை அவளே நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அந்த யூடியூப் சேனல் மறுபடி கூப்பிட்டதாம். போகப்போகிறாளாம், பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னதைத் திருத்திச் சொல்லவேண்டும் என்கிறாள். அவள் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். காரணம் அவ்வளவுதான். ஒருமுறையாவது நான் முதலில்.

கடைசியில் 'முனைவர் வே. தணிகாசலம், தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு)' என்று தட்டியிருந்தேன். பேராசிரியர் என்பதை முதலில் அழித்தேன். கொஞ்ச நேரம் கழித்து முனைவரை. வெறும் தணிகாசலம் நின்றது. அந்தப் பெயரோடு போட்டால், படிக்கிறவர்கள் பேபி மரகதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்தப் பையன் கேட்டதைத்தான் ஒவ்வொருவராகக் கீழே வந்து கேட்பார்கள். பெயரையும் அழித்தேன். அந்தக் குழுவில் பெயர் காட்டாமல் பதிவிட வசதி இருக்கிறது.

தேன்மொழி வெங்காயம் உரித்துக்கொண்டே தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முழுவதும் படித்தாளா என்று தெரியவில்லை. கடைசி வரியை மட்டும் பார்த்திருப்பாள்.

"பேர எடுத்துட்டீங்களா?"

ஆமாம் என்றேன்.

"மரகதத்துக்கு எத்தன அண்ணன்?"

 அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். ஒருவன்தான். ஊருக்கே தெரியும். இருந்தாலும் பெயர் போடாமல்தான் பதிவிடப்போகிறேன்.